ஒரு மீட்டர், பத்தாயிரம் ரூபாய், 23 ஆண்டுகள்

தில்லியில் ஒருவருக்குத் தன் கடைக்கு மின் மீட்டர் தேவைப்பட்டது. வருடம் 2000. அப்போது தலைநகரின் பெரும்பகுதிக்குக் கரண்டு கொடுத்தது தில்லி வித்யுத் போர்டு என்ற அரசு வாரியம். மீட்டருக்கு வாரிய ஊழியர் ஒருவர் 10,000 ரூபாய் கேட்கிறார் என்று அந்த ஏப்ரலில் கடைக்காரர் லஞ்ச ஒழிப்புப் பிரிவில் புகார் கொடுத்தார். ரசாயனம் தடவிய நோட்டுகளோடு அவரை அனுப்பிப் பொறி வைத்தார்கள். ஊழியர் பிடிபட்டார்.

'கையும் களவுமாகச் சிக்கினார்' என்று பத்திரிகைச் செய்தி இந்த இடத்தில் முடிந்துவிடும். நாமும் 'நல்லா வேணும்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவோம். இந்த வழக்கில் அதற்குப் பிறகுதான் கதையே ஆரம்பிக்கிறது.

விசாரணை நீதிமன்றம் 2006-இல் ஊழியரைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் 2009-இல் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போன மேல்முறையீடு வருடக்கணக்கில் காத்திருந்தது. 2019-இல் இரண்டு நீதிபதிகள் அதைக் கையில் எடுத்தபோது, உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளே ஒன்றுக்கொன்று இடிக்கின்றன என்று கண்டு பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். 2022 டிசம்பர் 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு பதில் சொன்னது. அந்தப் பதிலின்படி வழக்கைப் பார்த்த இரண்டு நீதிபதிகள் 2023 மார்ச் 17 அன்று ஊழியரை விடுதலை செய்தார்கள். சட்டப் புத்தகங்களில் இதன் பெயர் 'நீரஜ் தத்தா எதிர் தில்லி அரசு'.

புகார் கொடுத்த கடைக்காரர் இதில் எதையும் பார்க்கவில்லை. கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும் முன்பே இறந்துவிட்டார். அந்த வாரியமும் இல்லை. 2002 ஜூலையில் அதைப் பல கம்பெனிகளாகப் பிரித்து, விநியோகத்தைத் தனியார் கைக்கு மாற்றிவிட்டார்கள். புகார் கொடுத்தவர் போய்ச் சேர்ந்தார், புகாருக்கு ஆளான அலுவலகம் கலைந்தது, வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊழியர் கேட்டாரா இல்லையா என்பது என் கேள்வி அல்ல. நிரூபணமாகவில்லை, விடுதலையாகிவிட்டார், அது முடிந்த விஷயம். 23 ஆண்டுகளாக இத்தனை பேர் உட்கார்ந்து எதை அலசினார்கள், எதைத் தொடவே இல்லை என்பதுதான் என்னை இந்த வழக்குக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

கேட்டாரா?

1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஓர் அரசு ஊழியரைத் தண்டிக்க, பணம் அவர் கையில் இருந்தது என்று காட்டினால் போதாது. அவர் கேட்டார், கேட்டதற்காகத்தான் வாங்கினார் என்று காட்ட வேண்டும். சட்டத்தின் 20-ஆம் பிரிவு, வாங்கியது லஞ்சமாகத்தான் இருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்க இடம் தருகிறது. ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிரூபித்த பிறகுதான் அந்த அனுமானம். கேட்டது நிரூபணமாகாவிட்டால், பிடிபட்ட நோட்டுக்கட்டால் பிரயோஜனமில்லை.

இது நியாயமான விதிதான். வேண்டாதவர் ஒருவர் சட்டைப் பையில் நோட்டைத் திணித்துவிட்டுப் போலீசைக் கூப்பிட முடியும். 'கைமாற்றாகக் கொடுத்த கடனைத்தான் திருப்பிக் கொடுத்தார்' என்பது சில சமயம் உண்மையாகவும் இருக்கும்.

பொறி வைக்கும் முறையைப் பார்த்தால் இந்தக் 'கேட்டார்' என்ற சொல் எவ்வளவு கனமானது என்று புரியும். நோட்டுகளில் தடவுவது பினாப்தலின் என்ற வெள்ளைப் பொடி. மெல்லப் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு பக்கம் ஒரு கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல், அதாவது சலவைச் சோடா கலந்த தண்ணீர். பணத்தை வாங்கியவரின் விரல்களை அதில் முக்கச் சொல்வார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். அதைப் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, லேபிளில் சாட்சிகளின் கையெழுத்து வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பிளஸ் டூவில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு கூடிப்போய்த் திட்டு வாங்கியவர்களுக்கு இந்த நிறம் மறந்திருக்காது.

ஆனால் அந்த நிறம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த விரல் அந்த நோட்டைத் தொட்டது. ஏன் தொட்டது என்பது வேதியியலுக்குத் தெரியாது. அதற்காகத்தான் புகார்தாரரோடு ஒரு சாட்சியையும் அனுப்புகிறார்கள். பெரும்பாலும் வேறொரு அரசுத் துறையில் வேலை பார்ப்பவர். காலையில் கூப்பிட்டனுப்பி உட்கார வைத்திருப்பார்கள். கூட வந்த சொந்தக்காரர் மாதிரி நின்று, என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது அவர் வேலை. ஆண்டுகள் கழித்துக் கூண்டில் நின்று, அன்றைக்குக் காதில் விழுந்ததை வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும்.

அவர் காதில் என்ன விழும்?

2012-இல் அப்பா இறந்த பிறகு வீட்டு வரியை அம்மா பெயருக்கு மாற்ற நான் ஒரு சிறு நகரத்து அலுவலகத்துக்கு நடந்தேன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பத்திர நகல், கடைசி ரசீது என்று எல்லாம் இருந்தது. நாலு முறை போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு முறை கூட முகம் சுளிக்கவில்லை. "எல்லாம் கரெக்டா இருக்கு சார், பார்க்கலாம்" என்பார். என் கட்டு மேஜையின் இடது ஓரத்தில், வேறு பல கட்டுகளுக்கு அடியில் இருந்தது. அதன் பச்சை நாடாவின் நுனி மட்டும் எனக்குத் தெரியும். நாலாவது முறை வெளியே வந்தபோது சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்ற அலுவலக உதவியாளர் என்னைப் பார்த்து நிஜமான பரிவோடு சொன்னார்: "அண்ணே, ஒரு ஐநூறு வெச்சுக் குடுத்திருங்க. சாரு வாயைத் திறந்து கேக்க மாட்டாரு. நல்ல மனுஷன்."

வைத்துக் கொடுத்தேன். ரேஷன் கார்டு நகல் ஒன்று குறைகிறது என்ற சாக்கில் இரண்டு ஜெராக்ஸ் தாள்களுக்கு நடுவே. அவர் தாள்களைப் புரட்டினார், மடித்தார், மேஜை டிராயரைப் பாதி திறந்தார், மூடினார். "வியாழக்கிழமை வாங்க" என்றார். வியாழக்கிழமை வேலை முடிந்திருந்தது.

அன்று என் பக்கத்தில் ஓர் அரசுச் சாட்சி நின்றிருந்தால், பத்து வருடம் கழித்து நீதிபதியிடம் அவர் சொல்லியிருக்கக் கூடியது: 'வியாழக்கிழமை வாங்க என்றார், ஐயா.'

நம் ஊரில் லஞ்சத்துக்கு இருக்கிற சொற்களை எண்ணிப் பாருங்கள். கவனிக்கிறது, பார்த்துச் செய்யிறது, டீச் செலவு, சம்திங், மாமூல், 'மேல ரெண்டு பேருக்குக் கொடுக்கணும்.' ஒன்றிலாவது லஞ்சம் இருக்கிறதா? கேட்காமல் கேட்பதற்கென்றே ஒரு தனி பாஷை வளர்ந்திருக்கிறது. சட்டமோ கேட்டதை நிரூபி என்கிறது.

ரேஷன், பால், டைப்ரைட்டிங்

ஐந்து நீதிபதிகளின் முன் வந்தது மீட்டர் வழக்கு மட்டும் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. அந்த வரிசையில் இருக்கிற தொகைகளைப் பார்த்தால் பெரிய ஊழல் என்று எதுவும் தெரியாது.

ஆந்திரத்தில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் மேலாளர். பால் வண்டி ஓட்டிய ஒப்பந்ததாரருக்கு வர வேண்டிய பாக்கியைக் கொடுக்க 500 ரூபாய் கேட்டதாக வழக்கு. விசாரணையில் ஒப்பந்ததாரர் பல்டி அடித்தார், அவர் கேட்கவே இல்லை என்றார். கூடப் போன சாட்சியும் பிறழ்ந்தார். ஆனாலும் சுற்றியுள்ள சூழ்நிலையை வைத்து அனுமானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2000 டிசம்பரில் தண்டனையை உறுதி செய்தது. இது நரசிங்க ராவ் வழக்கு.

அப்புறம் ஒரு ரேஷன் கடைக்காரர். சரக்கு விடுவிக்க மண்டல வருவாய் அதிகாரி 250 ரூபாய் கேட்டதாகப் புகார். இவரும் நீதிமன்றத்தில் புகாரை மறுத்துவிட்டார். இந்த முறை, 2014-இல், அதே உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. புகார்தாரரே இல்லை என்ற பிறகு கேட்டதற்கு எது சாட்சி என்றது. இது ஜெயராஜ் வழக்கு.

அடுத்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். எனக்கு இந்த வழக்கின் மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம். லோயர், ஹையர் என்று காலை ஆறு மணிக்குப் போய் 'ஏ எஸ் டி எஃப்' அடித்த தலைமுறைக்கு அந்த இரும்புச் சத்தம் தெரியும். அப்படி ஓர் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர், அங்கீகாரத்தைப் புதுப்பிக்கத் தொழில்நுட்பக் கல்வித் துறை அதிகாரி 1,000 ரூபாய் கேட்டார் என்று 1996-இல் புகார் கொடுத்தார். பொறி வைத்தார்கள். பணம் பிடிபட்டது. விசாரணைக்கு முன் புகார்தாரர் இறந்தார். 2015 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதிகாரியை விடுதலை செய்தபோது, டைப்ரைட்டர் என்ற பொருளே அலுவலகங்களை விட்டுப் போய்விட்டது.

ஆக, ஒரே கேள்விக்கு ஒரே நீதிமன்றம் இரண்டு பதில் சொல்லியிருந்தது. 2022 டிசம்பரில் நீதிபதி பி.வி. நாகரத்னா எழுதிய தீர்ப்பு அதைச் சரி செய்தது. கேட்டதும் வாங்கியதும் நிரூபிக்கப்பட்டே ஆக வேண்டும், அதில் தளர்வு இல்லை. ஆனால் புகார்தாரர் இறந்துவிட்டார், வர முடியவில்லை, பிறழ்ந்துவிட்டார் என்பதால் மட்டும் வழக்கு செத்துவிடாது. வேறு சாட்சிகள் மூலமாகவோ சூழ்நிலைச் சான்றுகள் மூலமாகவோ கேட்டதை நிரூபிக்கலாம்.

கதவு திறந்தது. மூன்று மாதம் கழித்து, எந்த வழக்குக்காகக் கதவைத் திறந்தார்களோ அந்த வழக்கே அதன் வழியாக உள்ளே போக முடியவில்லை. மீதமிருந்த சாட்சிகளின் வாக்குமூலத்தை எடுத்துப் பார்த்த அமர்வு, லஞ்சம் கேட்கப்பட்டது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றது. நீதிமன்றத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வருடம் முந்தைய ஒரு மதியத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டதை, அதில் ஒருவர் இறந்த பிறகு, மூன்றாமவரின் ஞாபகத்திலிருந்து தோண்டி எடுத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியாதுதான்.

வராத ஆள்

அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு ஒரு நம்பிக்கையைச் சொல்லி முடிகிறது. ஊழல் செய்யும் அரசு ஊழியர்கள் தண்டனை பெறப் புகார்தாரர்களும் அரசுத் தரப்பும் மனப்பூர்வமாக முயற்சி எடுப்பார்கள், நிர்வாகம் மாசில்லாமல் ஆகும் என்று நம்புவதாக நீதிபதிகள் எழுதுகிறார்கள்.

இரண்டு பேர். புகார்தாரர், அரசுத் தரப்பு. இந்தப் பட்டியலைத்தான் நான் பலமுறை படித்தேன். ஊழியர் வேலை பார்த்த அலுவலகம் இதில் இல்லை. அவருக்கு மேல் இருந்தவர் இல்லை. குற்ற வழக்குத் தீர்ப்பில் அவர்கள் ஏன் வர வேண்டும் என்று வக்கீல் நண்பர் கேட்டார். சரிதான். ஆனால் தீர்ப்புக்கு வெளியேயும் அவர்கள் எங்கும் வருவதில்லை என்பதுதான் சங்கடம்.

பொறி வழக்குகளில் மேலதிகாரி ஒரு இடத்தில் கட்டாயம் வருவார். சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஊழியரைப் பதவிநீக்கும் அதிகாரம் உள்ளவர் வழக்குத் தொடர அனுமதி தர வேண்டும். அந்த ஆணையில் கையெழுத்துப் போட்டதற்காக அவரைச் சாட்சியாக அழைப்பார்கள். எல்லா ஆவணங்களையும் படித்தீர்களா, யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். உங்கள் கண் எதிரில் இத்தனை மாதம் கோப்புகள் தூங்கினவே, என்ன செய்தீர்கள் என்று அவரை யாரும் கேட்பதில்லை. கோப்பு எங்கே கிடந்தது என்று வழக்கில் துருவுவதெல்லாம், புகார்தாரர் சொல்வது உண்மையா என்று சோதிக்கத்தான்.

விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் மூன்றாவது விதியிலேயே இருக்கிறது: மேற்பார்வைப் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும், தனக்குக் கீழே உள்ளவர்களின் நேர்மையையும் கடமை உணர்வையும் உறுதி செய்ய இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும். அறுபது வருடம் ஆகிவிட்டது. இந்த விதியை மீறியதற்காக மேலதிகாரி மேல் நடவடிக்கை என்று நீங்கள் கடைசியாக எப்போது செய்தி படித்தீர்கள்?

அதே 1964-இல்தான் சந்தானம் குழுவின் அறிக்கையும் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான கே. சந்தானம் தலைமையில், உள்துறை அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி 1962-இல் அமைத்த குழு அது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அதன் பரிந்துரையில் பிறந்ததுதான். 'வேகப் பணம்' என்று அந்த அறிக்கை ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. இப்படிக் கொடுப்பவர் பொதுவாகச் சட்டத்துக்குப் புறம்பாக எதையும் சாதிக்க நினைப்பதில்லை, கோப்பு நகர்ந்தால் போதும் என்றுதான் கொடுக்கிறார் என்கிறது. என் ஐநூறு ரூபாயை அந்தக் குழு நான் பிறப்பதற்கு முன்பே பார்த்துவிட்டது. கோப்பை நகர்த்த வேண்டியது யார் வேலை? அந்த மேஜைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவரின் வேலை. எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, எது எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று வாரம் ஒரு முறை பார்ப்பதற்குப் பினாப்தலின் தேவையில்லை.

மேலே இருப்பவர் பார்க்காததால்தான் எல்லா எடையும் தனி மனிதர் தலையில் விழுகிறது. புகார் கொடுக்கிற கடைக்காரர் தனி ஆள். நேர்மையாக வேலை பார்க்கிற ஊழியரும் தனி ஆள்தான். மீட்டர் வழக்கின் இறுதித் தீர்ப்பு வந்து ஐந்து வாரம் கழித்து, 2023 ஏப்ரல் 25 அன்று, தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவருடைய அலுவலகத்துக்குள் புகுந்து வெட்டினார்கள். மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்திருந்தார். வி.ஏ.ஓ. என்றாலே லஞ்சச் செய்தியாகத்தான் நம் நினைவுக்கு வருகிறது. இந்தப் பெயரையும் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

கொடுத்தவன்

என் ஐநூறுக்கு வருகிறேன். நான் கொடுத்த 2012-இல், லஞ்சம் கொடுப்பவர் குற்றத்துக்கு உடந்தை. ஆனால் 'நான் கொடுத்தேன்' என்று சாட்சி சொன்னால், அந்த வாக்குமூலத்தை வைத்து அவர் மேல் வழக்குப் போட முடியாது என்று சட்டத்தின் 24-ஆம் பிரிவு காத்தது. 2011-இல், மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு இன்னும் ஒரு படி போனார். தனக்கு நியாயமாகச் சேர வேண்டியதைப் பெறவே ஒருவர் லஞ்சம் கொடுக்க நேர்ந்தால், கொடுத்ததைக் குற்றமாகவே கருதக் கூடாது. வாங்கியவருக்குத் தண்டனையை இரட்டிப்பாக்கலாம். பணத்தையும் கொடுத்தவருக்கே திருப்பித் தரலாம் என்றார். கொடுத்தவர் பயமில்லாமல் வாயைத் திறப்பார் என்பது அவர் கணக்கு. பலத்த எதிர்ப்பு வந்தது. கொடுப்பதைச் சரி என்று சட்டமே சொல்லிவிட்டால் கொடுப்பவர் கூடிவிடுவார் என்றார்கள்.

2018 ஜூலையில் வந்த திருத்தம் நேர் எதிர்த் திசையில் போனது. 24-ஆம் பிரிவை எடுத்துவிட்டார்கள். இப்போது கொடுப்பவருக்கும் ஏழாண்டு வரை சிறை. வாங்குபவருக்கும் உச்சம் அதே ஏழாண்டுதான், குறைந்தது மூன்றாண்டு என்பது மட்டும் வித்தியாசம். விலக்கு உண்டு: வற்புறுத்தலால் கொடுத்திருந்து, ஏழு நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம். முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் பொறிக்காகக் கொடுப்பவருக்கும் சிக்கல் இல்லை. விசாரணையை இரண்டு ஆண்டில் முடிக்கப் பார்க்க வேண்டும், நீட்டித்தாலும் மொத்தம் நாலு ஆண்டு என்றும் அதே திருத்தம் சொல்கிறது.

கொடுப்பவன் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. டெண்டருக்காகப் பெட்டி கொடுப்பவரும் உண்டு, அவரைப் பிடிக்க இந்தத் திருத்தம் உதவும். ஆனால் வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிற அம்மாவுக்கு 'வற்புறுத்தல்' என்பதை எப்படி நிரூபிப்பது? அவரிடம் யாரும் வற்புறுத்தவில்லையே. வியாழக்கிழமை வாங்க என்றுதானே சொன்னார்கள். எட்டாவது நாள் முதல் அவரும் வாங்கியவரும் ஒரே படகில். இருவருமே வாயைத் திறக்க மாட்டார்கள். கொடுக்காதே என்று மக்களிடம் சொல்லும் சுவரொட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படகுதான் நினைவுக்கு வரும்.

நாள் கணக்கு

மீட்டர் வழக்கு நீதிமன்றங்களில் ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில், மீட்டர் சம்பந்தமாகவே வேறொரு சட்டம் சத்தமில்லாமல் வந்தது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு: விண்ணப்பம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் மின்சாரம் கொடுக்க வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அது ஊழியருக்கு அல்ல, விநியோகிக்கும் நிறுவனத்துக்கு. 2020-இல் வந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள் அந்தக் கெடுவைப் பெருநகரில் ஏழு நாள், பிற நகரங்களில் பதினைந்து நாள், கிராமத்தில் முப்பது நாள் என்று குறுக்கின. 2024 திருத்தம் அதையும் மூன்று, ஏழு, பதினைந்து என்று வெட்டியது. மலைக் கிராமங்களுக்கு மட்டும் முப்பது நாள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊழல் வழக்கில் யார் கேட்டார், எந்த வார்த்தையில் கேட்டார், யார் காதில் விழுந்தது என்று நிரூபிக்க வேண்டும். 43-ஆம் பிரிவில் ரசீதில் ஒரு தேதி, காலண்டரில் ஒரு தேதி, அவ்வளவுதான். எவரும் கெட்டவர் என்று காட்டத் தேவையில்லை. தாமதத்துக்கு நிறுவனமே பணம் கட்ட வேண்டும் என்றால், பக்கத்து அறையில் இருப்பவர் தானாக எழுந்து வந்து மேஜையின் இடது ஓரத்தைப் பார்ப்பார். கோப்பைத் தாமதிக்கும் சக்திதான் அங்கே விற்பனைக்கு இருக்கிற சரக்கு. மத்தியப் பிரதேசம் 2010-இல் சேவை உறுதிச் சட்டம் கொண்டுவந்ததும், மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்ததும் இந்தக் கணக்கில்தான். சான்றிதழ் இத்தனை நாளில் வர வேண்டும், வராவிட்டால் குறிப்பிட்ட அதிகாரி தன் கையிலிருந்து அபராதம் கட்ட வேண்டும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன். பொறி வேண்டாம் என்பதில்லை. நூறு மேஜையில் ஒன்றைப் பிடித்து 23 வருடம் இழுப்பதை விட, நூறு மேஜைக்கும் கடிகாரம் மாட்டுவது மேல்.

ஆனால் கடிகாரத்துக்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். போன வருடம் சித்திக்காக ஒரு சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். கெடு பதினைந்து நாள். பதினோராவது நாள் ஒரு போன் வந்தது.

"சார், உங்க அப்ளிகேஷன் நம்ம கிட்டதான் இருக்கு. ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போயிருங்க."

"ஏதாவது பேப்பர் குறையுதுங்களா?"

"குறையெல்லாம் இல்லை சார். வாங்களேன்."

"குறை இருந்தா ஆன்லைன்லயே எழுதிருங்க சார், அப்லோட் பண்ணிடறேன்."

அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். "சரி சார்" என்று வைத்துவிட்டார். குரலில் கோபமே இல்லை.

பதினாலாவது நாள் இரவு செல்போனில் குறுஞ்செய்தி வந்தது: ஆவணம் தெளிவாக இல்லை, விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. மறுநாள் இ-சேவை மையத்துக்குப் போய் அதே தாளை மறுபடி ஸ்கேன் செய்தோம். கடைக்காரத் தம்பி திரையைப் பெரிதாக்கிக் காட்டினார், எழுத்தெல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. மறுபடி சமர்ப்பித்தோம். புது ரசீது வந்தது, புது எண்ணோடு. நாள் கணக்கு ஒன்றிலிருந்து ஆரம்பமானது.